சின்ன நாடுகளும் உளவுத்துறையும்: யார் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

கோட்டை அகழி | வெள்ளி, இரவு 8:50

அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் உளவுத்துறை எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. உலகமெங்கும் கை நீட்டுகிறவர்களுக்கு உலகமெங்கும் காது வேண்டும். ஆனால் நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பரப்பு 12,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். லெபனானும் கத்தாரும் அதைவிடச் சிறியவை. சிங்கப்பூர் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எஸ்டோனியாவின் மக்கள்தொகை 13 லட்சம் சொச்சம். 2019இல் மூன்றாகப் பிரித்த பிறகு மிஞ்சிய இன்றைய வேலூர் மாவட்டத்தைவிடக் குறைவு.

இந்த அளவுள்ள நாடுகள் உளவு அமைப்பை வைத்துக்கொண்டு என்ன செய்கின்றன? அண்டை நாட்டை வேவு பார்க்கின்றனவா, சொந்த மக்களையா? இரண்டாவதுதான் என்பது என் சந்தேகம். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு மறுக்கலாம்.

ஒரு வேண்டுகோள். ஒற்றாடல் அதிகாரத்தின் பத்துக் குறளையும் ஒட்டிவிட்டுப் போகாதீர்கள். எல்லோரும் பள்ளியில் படித்ததுதான்.

மக்கன் பேடா | வெள்ளி, இரவு 9:02

பத்தையும் உரையோடு தயாராக வைத்திருந்தேன். வாயைக் கட்டிவிட்டீர்கள்.

கம்மவான்பேட்டை | வெள்ளி, இரவு 9:40

அகழி சார், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். பெரிய நாட்டுக்கு ஒரு சண்டையில் தோற்றாலும் பின்வாங்க இடம் இருக்கிறது. சின்ன நாட்டுக்குப் பின்வாங்க நிலமே கிடையாது. முன்கூட்டித் தெரிந்துகொள்வதுதான் அதன் எல்லைச் சுவர்.

மாலத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 1988 நவம்பர் 3 அதிகாலையில் மாலே கரையில் இறங்கியவர்கள் சுமார் 80 பேர்தான். இலங்கையின் பிளாட் இயக்கத்தைச் சேர்ந்த தமிழ் இளைஞர்கள்; ஏவிவிட்டவர் மாலத்தீவு வணிகர் அப்துல்லா லுத்துஃபி. இதற்கே ஒரு தேசத்தின் தலைநகரம் சில மணி நேரத்தில் கையைவிட்டுப் போகத் தெரிந்தது. அதிபர் கையூம் ஒளிந்து ஒளிந்து இடம் மாறினார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து நம் பாராசூட் படை விமானத்தில் போய் ஹுலுலே தீவில் இறங்கியதால் பிழைத்தார்கள். தப்பி ஓடிய கும்பல் ‘புரோக்ரஸ் லைட்’ என்ற கப்பலைப் பிடித்துக்கொண்டு போனது. நம் கடற்படை துரத்திப் பிடித்தது. ஒரு வாரம் முன்பு ஒரே ஒரு துப்பு கிடைத்திருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது. அதற்குத்தான் சின்ன நாட்டுக்கு உளவுத்துறை.

தேக்கா முதல் திருப்பத்தூர் வரை | வெள்ளி, இரவு 10:15

கம்மவான்பேட்டை அண்ணன் சொல்வதே சரி. சிங்கப்பூரில் பல காலம் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன் என்பதால் அந்த ஊர்க் கதையைச் சொல்கிறேன்.

1965இல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது அந்த நாட்டிடம் சொல்லிக்கொள்ளும்படி படையே இல்லை. அதே ஆண்டு மார்ச் 10 அன்று மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் இந்தோனேசியர்கள் வைத்த குண்டில் மூன்று பேர் செத்திருந்தார்கள். படையைக் கட்ட இஸ்ரேலியர்களை வரவழைத்தார்கள். சுற்றியிருக்கும் முஸ்லிம் நாடுகள் கோபித்துக்கொள்ளும் என்று அவர்களை ‘மெக்சிகர்கள்’ என்று சொல்லிவைத்தார்கள். 1966இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வெளிநாட்டு உளவுக்கு ஒரு பிரிவு தொடங்கியது. 1971 முதல் 1979 வரை அதன் தலைவர் யார் தெரியுமா? எஸ். ஆர். நாதன். நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, பிறகு அந்நாட்டு அதிபரானவர்.

1974 ஜனவரி 31 அன்று ஜப்பானிய செம்படையும் பாலஸ்தீன விடுதலை மக்கள் முன்னணியும் சேர்ந்து நான்கு பேரை அனுப்பி புக்கோம் தீவில் ஷெல் நிறுவனத்தின் எண்ணெய் ஆலையைத் தாக்கினார்கள். தப்பும்போது ‘லாஜு’ என்ற படகையும் அதன் ஊழியர்களையும் பிடித்துக்கொண்டார்கள். துப்பாக்கியால் தீர்க்காமல் நாள் கணக்கில் பேசினார்கள். இதற்குள் குவைத்தில் ஜப்பானியத் தூதரகத்தையும் அந்த முன்னணியின் ஆட்கள் கைப்பற்ற, ஜப்பான் விமானம் அனுப்ப ஒப்புக்கொண்டது. கடைசியில் பணயக்கைதிகளுக்குப் பதிலாக நாதனும் மற்ற அதிகாரிகளும் கடத்தல்காரர்களோடு விமானம் ஏறிக் குவைத் வரை போனார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. உளவுத்துறைத் தலைவரே பணயமாக ஏறி உட்கார்ந்த நாடு வேறு எது? சின்ன நாட்டில்தான் அது நடக்கும். அங்கே கீழே அனுப்ப ஆள் இல்லை.

வக்கீல் குமாஸ்தா | சனி, காலை 7:20

தேக்கா நண்பர் நாதனைச் சொன்னார், அருமை. அதே ஊரின் இன்னொரு துறையைச் சொல்லாமல் விட்டுவிட்டார். உள்துறை அமைச்சின் கீழ் இருக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. விசாரணை இல்லாமல் இரண்டிரண்டு ஆண்டுகளாகச் சிறையை நீட்டித்துக்கொண்டே போகும் சட்டம் அதன் கையில்.

சியா தை போ என்று ஒருவர். இயற்பியல் விரிவுரையாளர், எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர். 1966இல் பிடித்தார்கள். 1989 வரை சிறை. பிறகு செந்தோசா தீவில் கட்டுப்பாடு. கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 1998இல். இத்தனைக்கும் அவர்மீது ஒரு நாள்கூட நீதிமன்ற விசாரணை நடக்கவில்லை. 1963 பிப்ரவரியில் ‘கோல்ட்ஸ்டோர்’ நடவடிக்கையில் ஒரே வீச்சில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்ளே போனார்கள். 1987இல் ‘ஸ்பெக்ட்ரம்’: கத்தோலிக்கத் திருச்சபையில் வேலை செய்தவர்கள், நாடகக்காரர்கள், வழக்கறிஞர்கள் என 22 பேர். மார்க்சியச் சதி என்றார்கள். வீட்டு வேலைக்கு வந்த வெளிநாட்டுப் பெண்களுக்கு உதவியவர்களும் அந்தச் சதிக்காரர்களில் உண்டு!

1988 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிலரை விடுவிக்கச் சொன்னது. உடனே மறுபடி கைது. அடுத்த மாதமே சட்டத்தையும் அரசியலமைப்பையும் திருத்தி நீதிமன்றத்தின் கையைக் கட்டிவிட்டார்கள். இது எந்த எல்லைச் சுவர்?

அகழி சாரின் சந்தேகம் நூற்றுக்கு நூறு நியாயம்.

தேக்கா முதல் திருப்பத்தூர் வரை | சனி, காலை 8:05

வக்கீலய்யா, அதே துறைதான் 2001 டிசம்பரில் ஜெமா இஸ்லாமியா கும்பலைப் பிடித்தது. தூதரகங்களையும் ஈசூன் ரயில் நிலையத்தையும் குறிவைத்திருந்தார்கள். குண்டு வெடிப்பதற்கு முன்பே பிடித்தார்கள். வெடித்த பிறகு குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து என்ன பயன்? அது ஒற்றை நகரம். தப்பி ஓட அடுத்த மாவட்டம் கிடையாது.

வக்கீல் குமாஸ்தா | சனி, காலை 8:31

பிடித்ததை மறுக்கவில்லை. ஆனால் அந்த முதல் துப்பு எங்கிருந்து வந்தது? அங்கிருக்கும் முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரே, பின்லேடனைத் தெரியும் என்று பேசித் திரிந்த ஆளைப் பற்றி வந்து சொன்னார். ஒட்டுக்கேட்பதால் கிடைத்தது அல்ல, நம்பி வந்து சொன்னதால் கிடைத்தது. பிறகு உலமாக்களே சேர்ந்து 2003இல் மறுவாழ்வுக் குழு அமைத்து, பிடிபட்டவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அந்த நம்பிக்கை 1987 முறையில் வராது. ஒரு சமூகத்தையே சந்தேகப் பட்டியலில் வைத்துவிட்டால் யார் வாய் திறப்பார்கள்?

தேக்கா முதல் திருப்பத்தூர் வரை | சனி, காலை 8:44

நம்பி வந்து சொன்னார், சரி. சொன்னதைக் கேட்டு உடனே வேலையில் இறங்க ஒரு துறை இருந்ததே, அதையும் கணக்கில் சேருங்கள்.

காட்பாடி ஜங்ஷன் | சனி, மதியம் 1:10

நான் பொறியியல் மாணவன். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். சின்ன நாட்டு உளவுத்துறைக்குள்ளேயே பெரிய நாடு ஆள் வைத்துவிட்டால்? எஸ்டோனியாவில் அதுதானே நடந்தது?

வக்கீல் குமாஸ்தா | சனி, மதியம் 2:25

ஆமாம் தம்பி. ஹெர்மன் சிம், பாதுகாப்பு அமைச்சகத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கே தலைவராக இருந்தவர். நேட்டோ ரகசியங்கள் அவர் கைவழியாகப் போயின. 2008இல் கைது; 2009இல் பன்னிரண்டரை ஆண்டுச் சிறை. உள்நாட்டுப் பாதுகாப்புக் காவல் துறையான காப்போவில் வேலை பார்த்த அலெக்சேய் டிரெசனும் ரஷ்யாவுக்கு உளவு சொன்னதாக 2012இல் தண்டிக்கப்பட்டார். 2014இல் அதே காப்போவின் எஸ்டன் கோவரை எல்லையில் ரஷ்யர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு ஒரு பாலத்தின் மேல் இருவரையும் மாற்றிக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. காப்போ 1998 முதல் ஆண்டறிக்கை வெளியிடுகிறது. யார் எப்படி நாட்டுக்குள் நுழையப் பார்க்கிறார்கள் என்று அதில் எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தன் அலுவலகத்தில் புகுந்த ஒற்றனை மூடி மறைக்காமல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அவமானம்தான். ஆனாலும் செய்கிறார்கள்.

மக்கன் பேடா | சனி, மதியம் 2:40

நம் ஊர்க் காவல் நிலையத் தனிப்பிரிவு ஏட்டு ஆண்டறிக்கை வெளியிட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். முதல் அத்தியாயம்: டீக்கடைகள்.

முகாம் வீதி | சனி, இரவு 9:30

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூர், எஸ்டோனியா எல்லாம் போய்வந்துவிட்டீர்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கும் சின்ன நாட்டை யாரும் தொடவில்லை. நான் இங்கே முகாமில் பிறந்தவன். பெற்றோர் மன்னார்ப் பக்கம். அதனால் நான் சொல்கிறேன்.

இலங்கையில் உளவுக்கு ஆள் பஞ்சம் கிடையாது. அரச புலனாய்வுச் சேவை, ராணுவப் புலனாய்வு, போலீஸ் பிரிவுகள் என்று முப்பது ஆண்டுப் போரில் வளர்ந்த பெரிய இயந்திரம். 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டமும் அதன் பின்னால் நின்றது. 2019இல் இது என்ன செய்தது என்று பாருங்கள்.

2018 நவம்பர் 30 அன்று மட்டக்களப்பு வவுணதீவில் இரண்டு போலீஸ்காரர்கள் கொலை. உடனே யாரைப் பிடித்தார்கள்? முன்னாள் புலி ஒருவரை. பழக்கதோஷம். 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டம் வனாத்தவில்லுவில் வெடிமருந்துக் குவியல் அகப்பட்டது; அப்போதும் நூல் பிடித்து மேலே போகவில்லை. காத்தான்குடித் தீவிரவாதப் போதகர் சஹ்ரான் ஹாசிமைப் பற்றி அந்த ஊர் முஸ்லிம்களே முன்பு முறையிட்டிருந்தார்கள். ஏப்ரல் 4 அன்று இந்தியாவிலிருந்து எச்சரிக்கை போனது. ஆள் பெயர், இயக்கத்தின் பெயர், தேவாலயங்கள் குறி என்பது வரை சொன்னார்கள். ஏப்ரல் 11 அன்று போலீசுக்குள் ஒரு சுற்றறிக்கை போனது. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு: மூன்று தேவாலயங்கள், மூன்று பெரிய ஹோட்டல்கள், 260க்கும் மேற்பட்ட பிணங்கள். வவுணதீவுக் கொலையைச் செய்ததும் சஹ்ரான் ஆட்களே என்று அதன் பிறகு தெரிந்தது. உள்ளே இருந்த முன்னாள் புலியை அப்போதுதான் விட்டார்கள்.

தகவல் இல்லாததால் யாரும் சாகவில்லை. 2018 அக்டோபரில் அதிபர் சிறிசேனா பிரதமர் ரணிலைப் பதவி நீக்கப் பார்த்து முடியாமல் போனது. அதன் பிறகு பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்கே ரணிலை அழைக்கவில்லை. குண்டு வெடித்த அன்று அதிபர் சிங்கப்பூரில் இருந்தார். எச்சரிக்கை தனக்கு வரவில்லை என்றார் அவர். எங்களுக்கும் வரவில்லை என்றது பிரதமர் தரப்பு. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சிறிசேனா தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. போலீஸ் மா அதிபருக்கும் புலனாய்வுச் சேவைத் தலைவருக்கும் தலா ஏழரைக் கோடி.

கம்மவான்பேட்டை ஐயா, ‘ஒரே ஒரு துப்பு’ என்றீர்கள். அங்கே ஒரு கட்டுத் துப்பு இருந்தது.

கம்மவான்பேட்டை | சனி, இரவு 10:20

தம்பி, ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது பாதி. மீதிப் பாதியை இஸ்ரேல் கதையில் பார்க்கலாம். நம் பட்டாளத்துப் பாடத்தில் இது நிறையப் பேசப்படும்.

1973 அக்டோபர் 6. எகிப்தும் சிரியாவும் ஒரே நேரத்தில் அடித்தன. இஸ்ரேல் ராணுவ உளவுத்துறையான அமானிடம் அத்தனை தகவலும் இருந்தது. தென் கட்டளையகத்தில் பெஞ்சமின் சிமான்-தோவ் என்ற இளம் லெப்டினன்ட், ‘அங்கே நடப்பது பயிற்சி அல்ல, போருக்கான மூடுதிரை’ என்று அக்டோபர் முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி அதை மேலே அனுப்பவில்லை. எகிப்திடம் நீண்டதூர விமானம் இல்லாதவரை போருக்கு வராது என்று தலைமையில் ஒரு முடிவு கட்டியிருந்தார்கள். அதற்குப் பொருந்தாத காகிதம் எல்லாம் ஓரமாகப் போனது. பிறகு அக்ரனாட் விசாரணைக் குழு அமானின் தலைவர் எலி ஸெய்ராவைப் பதவி விலகச் செய்தது. எல்லோரும் ஒப்புக்கொள்வதை மறுத்து வாதாடுவதற்கென்றே ஒரு சிறு பிரிவும் அமானில் வைத்தார்கள்.

அப்படியும் 2023 அக்டோபர் 7 நடந்தது. எல்லைக் கேமராக்களைப் பார்த்துக்கொண்டிருந்த இளம்பெண் சிப்பாய்கள், வேலியருகே ஒத்திகை நடக்கிறது என்று பலமுறை சொல்லியிருந்தார்கள். சின்னப் பெண்கள் சொன்னதை மேலே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் காவல் சாவடியிலேயே பலர் இறந்தார்கள்.

இராஜாதோப்பு | சனி, இரவு 10:41

காசாவில் நடப்பதை விட்டுவிட்டு இஸ்ரேலுக்காகக் கண்ணீர் விடுகிறீர்களா? நார்வேயின் லில்லிஹாமரில் 1973இல் ஆள் மாறி ஒரு மொராக்கோ நாட்டு ஹோட்டல் ஊழியரைச் சுட்டுக் கொன்றதும் இஸ்ரேலின் உளவுத்துறைதான், மொசாட்.

மட்டுறுத்துநர் | சனி, இரவு 10:58

காசா போருக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். லில்லிஹாமர் இந்தத் தலைப்புக்குள் வரும், ஆனால் எதிரே எழுதுபவரைக் கண்ணீர் விடுகிறவர் என்று சொல்லும் வேலை வேண்டாம்.

கோட்டை அகழி | ஞாயிறு, காலை 6:45

சிமான்-தோவும் அந்தக் கேமராப் பெண்களும் நம் ஊருக்குப் புதியவர்கள் இல்லை. மக்கான் சந்திப்பு நினைவுத்தூணைத் தினமும் கடந்து போகிறோம். 1806 ஜூலை 10 வேலூர்ச் சிப்பாய்க் கலகத்தை வீரக் கதையாக மட்டும் சொல்கிறோம். உளவுக் கோணத்தில் பாருங்கள்.

காதணி கூடாது, நெற்றியில் சமயக் குறி கூடாது, தொப்பி போன்ற புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று கிளம்பிய உத்தரவால் சிப்பாய்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஜூன் மாதமே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், சதி நடக்கிறது என்று சொல்லிவிட்டார். ஃபோர்ப்ஸ் என்ன செய்தார்? உண்மையா என்று விசாரிக்கச் சொல்லி இந்திய அதிகாரிகளிடமே விட்டார். அவர்களில் பலர் சதியில் இருந்தவர்கள்! பைத்தியக்காரன் உளறல் என்று தீர்ப்பு வந்தது. முஸ்தபா பேக்குக்கு விலங்கு.

பிறகு நடந்தது தெரியும். கர்னல் ஃபேன்கோர்ட் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டபோது செத்த சிப்பாய்கள் அதைவிடப் பல மடங்கு. கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. முஸ்தபா பேக்குக்கு 2,000 வராகன் பரிசு.

நாம் யார் பக்கம் என்பது வேறு. சிப்பாய்கள் பக்கம்தான், சந்தேகம் வேண்டாம். நான் பார்ப்பது கம்பெனியின் வழிமுறையை. உளவைச் சரிபார்க்கும் வேலையை யாரிடம் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் கெட்டது. கொழும்பில் அதைச் சரிபார்க்க வேண்டியவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே இல்லை. அதனால் என் முதல் கேள்வியைத் திருத்துகிறேன். உள்நாடா வெளிநாடா என்பது இரண்டாவது. அறிக்கை யார் மேசைக்குப் போகிறது, அந்த மேசைக்காரரை யார் கேள்வி கேட்க முடியும் என்பதே முதலில் வர வேண்டும்.

காட்பாடி ஜங்ஷன் | ஞாயிறு, காலை 10:15

சார், பெரிய நாடு ஒரு சின்ன நாட்டை உளவாலேயே விழுங்கியதற்கு உதாரணம் உண்டா?

கோட்டை அகழி | ஞாயிறு, காலை 11:30

பாலாற்றங்கரையில் முத்துமண்டபத்துக்குப் போயிருக்கிறாயா தம்பி? அங்கே புதைக்கப்பட்டிருக்கும் விக்ரம ராஜசிங்கன்தான் உதாரணம். கண்டியின் கடைசி அரசன், மதுரை நாயக்கர் வழி வந்தவன்.

1803இல் கண்டிக்குள் படையெடுத்துப் போன ஆங்கிலேயர் காய்ச்சலிலும் கத்தியிலும் அழிந்தார்கள். மலைப்பாதை தெரியாது, உள்ளே என்ன நடக்கிறது என்றும் தெரியாது. 1815இல் பெரிய சண்டை இல்லாமலே தலைநகருக்குள் நுழைந்தார்கள். இடையில் வேலை செய்தவர் ஜான் டொய்லி. பதவிப் பெயர் தலைமை மொழிபெயர்ப்பாளர். சிங்களம் கற்றுக்கொண்டு, பிக்குகள், வியாபாரிகள், கண்டிப் பிரபுக்களின் ஆட்கள் என்று ஒரு வலையையே பின்னினார். யார் யாரிடம் என்ன பேசினார் என்று தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். எகலபொல என்ற பெரும் பிரபு அரசனோடு மோதி ஆங்கிலேயர் பக்கம் வர, அரசன் அவர் குடும்பத்தையே கொன்றான். அதன் பிறகு அரசனுக்காகச் சண்டையிட யார் மிஞ்சினார்கள்? பிப்ரவரி 18 அன்று பிடிபட்டான். மார்ச் 2 அன்று பிரபுக்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த ஆண்டு வேலூர்க் கோட்டைக்கு வந்தான். 1832இல் இங்கேயே இறந்தான்.

கண்டி அரசனிடமும் ஒற்றர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் பயத்தில் ஆளும் அரசனிடம் ‘உங்கள் பிரபுக்கள் உங்களை வெறுக்கிறார்கள்’ என்று எந்த ஒற்றன் சொல்வான்?

மக்கன் பேடா | ஞாயிறு, காலை 11:41

மண்டபத்துக்குப் போய்வந்து சொல்கிறவர்கள் நாதியற்ற அரசன் என்று மட்டும் சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளர் வேலை இவ்வளவு ஆபத்தானது என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

முகாம் வீதி | ஞாயிறு, மதியம் 12:20

அகழி ஐயா, அந்த ஒப்பந்தத்தில் அரசனின் உறவினர்களான நாயக்கர்கள் கண்டிக்குள் கால் வைக்கக் கூடாது என்றும் ஒரு பிரிவு உண்டு. அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள்.

தேக்கா முதல் திருப்பத்தூர் வரை | ஞாயிறு, மாலை 4:10

எல்லாம் படித்தேன். எச்சரிக்கையைக் கேட்காதவர்களின் பட்டியல் அருமை. ஆனால் அதில் சிங்கப்பூர் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அங்கே ஒரே கட்சி, ஒரே கட்டளை. துப்பு வந்தால் அதே வாரம் வேலை நடக்கும். ரணில்–சிறிசேனா சண்டை அங்கே நடக்காது. தவறே செய்யாதவர்கள் என்று சொல்லவில்லை; 2008இல் மாஸ் செலாமாட் என்ற பயங்கரவாதி விட்லி ரோடு தடுப்பு மையத்தின் கழிவறை வழியாகத் தப்பினான், அடுத்த ஆண்டு மலேசியாவில் பிடிபட்டான். அமைச்சரே நாடாளுமன்றத்தில் எழுந்து பதில் சொன்னார்.

மக்கன் பேடா | ஞாயிறு, மாலை 4:22

தப்புவதைப் பற்றி வேலூர்க்காரர்களிடம் பேசாதீர்கள். 1995 ஆகஸ்டில் கோட்டைக்குள்ளிருந்த சிறப்பு முகாமிலிருந்து 43 புலிகள் சுரங்கம் தோண்டிப் போனார்கள். அகழியே காவல் காக்கும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. (அகழி சார், உங்களைச் சொல்லவில்லை.)

வக்கீல் குமாஸ்தா | ஞாயிறு, இரவு 8:05

தேக்கா, ‘ஒரே கட்டளை’ என்பதுதான் என் பயம். 1966இல் எதிர்க்கட்சி நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறியது. 1968 தேர்தல் முதல் 1981இல் ஜெயரத்தினம் ஆன்சன் இடைத்தேர்தலில் ஜெயிக்கும் வரை அந்த அவையில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர்கூட இல்லை. சியா தை போவைப் பற்றி அமைச்சரை எழுந்து பதில் சொல்ல வைக்க அங்கே யார் இருந்தார்கள்?

நியூசிலாந்தையும் பாருங்கள். 1985, நம் வேலூர்க் கலகம் நடந்த அதே ஜூலை 10. ஆக்லாந்து துறைமுகத்தில் கிரீன்பீஸின் ‘ரெயின்போ வாரியர்’ கப்பலைக் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள். ஒரு புகைப்படக்காரர் இறந்தார். வைத்தது எதிரி நாடு அல்ல, நட்பு நாடான பிரான்சின் உளவுத்துறை. பிடித்துக் கொடுத்தது யார்? படகுத் திருட்டைத் தடுக்கக் கரையில் காவல் இருந்த சாதாரண மக்கள். சந்தேகப்பட்டு ஒரு வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். தேனிலவுத் தம்பதி வேடத்தில் இருந்த இரண்டு பிரெஞ்சு அதிகாரிகள், வாடகை வண்டியைத் திருப்பித் தர வந்த இடத்தில் அகப்பட்டார்கள். பத்தாண்டுச் சிறை என்றாலும், பிரான்ஸ் ஏற்றுமதி வழியாக நெருக்க, அடுத்த ஆண்டே அவர்களை ஒரு பசிபிக் தீவுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. சின்ன நாடு பிடிக்கலாம், வைத்திருக்க முடியாது.

அதே நாட்டில் 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். விசாரணை ஆணையம் தன் அறிக்கையில், உளவு அமைப்புகள் இஸ்லாமிய பயங்கரவாதத்தின்மீதே பொருத்தமற்ற அளவுக்குக் கவனத்தைக் குவித்திருந்தன என்றது. அப்படிக் குவிக்காமல் இருந்திருந்தாலும் அந்தக் கொலைகாரனைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது என்றும் நேர்மையாக எழுதியது. முகாம் வீதி தம்பி சொன்ன வவுணதீவும் இதே நோய்தான். கொழும்பில் முன்னாள் புலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அங்கே முஸ்லிமையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே ஐந்து வாரம்.

தேக்கா முதல் திருப்பத்தூர் வரை | ஞாயிறு, இரவு 8:40

ஆணையம் சம்பவத்துக்குப் பிறகு வரும். முன்பே தடுக்க என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?

வக்கீல் குமாஸ்தா | ஞாயிறு, இரவு 9:15

1996 முதல் நியூசிலாந்தில் உளவு அமைப்புகளுக்கென்றே ஒரு தலைமை ஆய்வாளர் இருக்கிறார். எந்தக் கோப்பையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பொதுமக்கள் புகார் கொடுக்கலாம். உள்ளே வேலை செய்கிறவரும் கொடுக்கலாம்; ஒரு முஸ்தபா பேக் போய்ச் சொல்ல வேறொரு கதவு.

தேக்கா முதல் திருப்பத்தூர் வரை | ஞாயிறு, இரவு 9:22

அந்த ஆய்வாளரை நியமிப்பது யார்? அதே அரசுதானே?

வக்கீல் குமாஸ்தா | ஞாயிறு, இரவு 9:50

நாடாளுமன்றம் பரிந்துரைக்க, கவர்னர் ஜெனரல் நியமிக்கிறார். 2017 சட்டம். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் உட்கார்ந்திருக்கும் அவை என்பதால் அங்கே அது ஓரளவு ஓடுகிறது. சிங்கப்பூரில் தடுப்புக் காவலைப் பார்க்கும் ஆலோசனைக் குழுவில் நீதிபதி இருக்கிறார். குழு விடுவிக்கச் சொல்லி அரசு மறுத்தால் அதிபர் குழுவின் பக்கம் நிற்கலாம் என்று 1991 முதல் விதி உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. அது கைதான பிறகு வரும் பாதுகாப்பு. யாரைக் கண்காணிப்பது என்று முடிவாகும் இடத்தில் அங்கே வெளியாள் ஒருவரும் இல்லை.

கம்மவான்பேட்டை | ஞாயிறு, இரவு 10:05

வெளியாளை உள்ளே விட்டால் ஹெர்மன் சிம்மும் கூடவே வருவானே வக்கீல் சார்?

வக்கீல் குமாஸ்தா | ஞாயிறு, இரவு 10:12

சிம் வெளியாள் இல்லை அண்ணே. பாதுகாப்புப் பிரிவின் தலைவர்.